நகல் போட்ட விண்ணப்பம்

கலைமதி அந்த மெயிலை அனுப்பியது பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அனுப்பிவிட்டு வீட்டு வாசலில் நின்று கை தட்டினாள். தனக்குத்தானே தட்டிக்கொண்டதுதான். தெருவில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்! சென்னையில் இருக்கிற ஐந்து லா ஃபர்ம்களுக்கு, அதாவது வக்கீல் கம்பெனிகளுக்கு, ஒரே அமுக்கில் விண்ணப்பம் போயிருக்கிறது. கை தட்டாமல் வேறென்ன செய்வாள்?

யார் இந்தக் கலைமதி என்று கேட்பீர்கள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற வல்லத்துக்காரி. விழுப்புரத்தில் சட்டக் கல்லூரி, நான்காம் ஆண்டு. அப்பா பெரியதம்பி திண்டிவனத்து நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா அம்சவள்ளி நடவு, களை, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவது என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவாள். சொந்த நிலம் என்று ஒரு குழி கிடையாது. வாரம் முழுக்க விழுப்புரத்தில் மாணவியர் விடுதி. சனிக்கிழமை ஆனால் திண்டிவனம் வந்து பஸ் மாறி வீடு. ஆள் உயரம் கம்மி, குரல் ஜாஸ்தி. சந்தோஷம் வந்தால் கை தட்டிவிடுவாள், துக்கம் வந்தால் கத்திவிடுவாள். உள்ளே வைத்துக்கொள்கிற பழக்கமே கிடையாது.

சட்டம் படிக்கிற பிள்ளைகள் விடுமுறையில் வக்கீல்களிடம் போய்ப் பயிற்சி செய்தாக வேண்டும். இன்டர்ன்ஷிப் என்பார்கள். முதல் மூன்று வருஷமும் கலைமதி திண்டிவனம் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் கட்டுத் தூக்கிக்கொண்டு போனாள், வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு வந்தாள், ஜெராக்ஸ் எடுத்தாள். போதும் போதும் என்றாகிவிட்டது. அவளுக்கு நில வழக்கு நடத்த வேண்டும். நிலமே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு நில வழக்கு என்றால் அப்படி ஓர் உயிர். பெரிய பெரிய நில வழக்கெல்லாம் சென்னை ஃபர்ம்களில்தான் நடக்கிறது. அவர்களோ நான்காம் ஆண்டு மே மாதத்தில் யார் பயிற்சிக்கு வந்தார்களோ அவர்களில் இருந்துதான் அடுத்த வருஷம் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆக, இந்த மே மாதம் ஏதாவது ஒரு ஃபர்முக்குள் காலை வைத்துவிட வேண்டும். விட்டால் திண்டிவனத்து ஜெராக்ஸ் கடைதான் கதி. இதை அவள் தினமும் மூன்று வேளையும் நினைத்தாள்.

சரி, அந்த மெயில் விஷயத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் மனு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பெண் செய்து வைத்த காரியம் யாருக்கும் விளங்காது.

கலைமதி ஒன்பதாவது படித்தபோது அவர்கள் தெருவில் கம்பம் இருந்தது, விளக்கு இல்லை. கலெக்டருக்கு ஒரு மனு எழுதினாள். அம்சவள்ளி அதைத் திங்கட்கிழமை மனு வாங்குகிற நாளில் விழுப்புரம் கொண்டுபோய் வரிசையில் நின்று கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி எழுதினாள், மறுபடி போனாள். அந்த முறை வரிசையில் நின்ற யாரோ ஒருவர் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, "நகலே போடலியேம்மா, எப்பிடி நகரும்?" என்று கேட்டிருக்கிறார். மனுவுக்கு அடியில், இன்னின்னாருக்கும் இதன் பிரதி போகிறது என்று எழுத வேண்டுமாம். மூன்றாவது மனுவில் கலைமதி எழுதினாள்: நகல், முதலமைச்சர் தனிப்பிரிவு, சென்னை. நகல், கோட்டாட்சியர், திண்டிவனம். நகல், வட்டார வளர்ச்சி அலுவலர், வல்லம். ஒன்பதாவது நாள் ஏணியோடு ஆள் வந்து விளக்கு மாட்டிவிட்டுப் போனான்!

அன்றைக்குப் பிடித்தது அம்சவள்ளிக்கு நகல் பைத்தியம். அதற்கப்புறம் தெருவில் யாருக்கு முதியோர் பென்ஷன் வரவில்லை என்றாலும், பட்டாவில் பெயர் தப்பு என்றாலும், ரேஷன் கார்டு முடங்கிப்போனாலும் கலைமதிதான் மனு எழுதுவாள். எழுதி முடித்து நிமிர்ந்தால், அடுப்படியில் இருந்து அம்மா குரல் வரும்.

"நகல் போட்டியா?"

போட்டேன் என்றால்தான் அடுத்த வேலை பார்ப்பாள். கலைமதிக்கும் அது கையோடு வந்துவிட்டது. ஒருத்தருக்கு எழுதுவது நாலு பேருக்குத் தெரிந்தால்தான் அந்த ஒருத்தர் அசைவார். எட்டு வருஷ அனுபவம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் இது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

இப்போது புரிந்திருக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன செய்தாள் என்று. ஐந்து ஃபர்ம்களில் பெரியது நுங்கம்பாக்கத்தில் இருந்தது. அவர்கள் பெயரைப் பெறுநர் என்று போட்டாள். சிசி என்கிற கட்டத்தில் ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, அடையாறு, மயிலாப்பூர் என்று மற்ற நான்கு ஃபர்ம்களின் முகவரி. போதாதென்று கடிதத்தின் அடியிலும் ஆங்கிலத்தில் நகல் என்று எழுதி, ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு, நான்கு பெயர்கள். அதற்கும் கீழே, 'தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்'. எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை. கலெக்டரே பார்த்தால் மெச்சுகிற மாதிரி ஒரு மனு!

"நகல் போட்டியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போட்டேம்மா! நாலு!"

"ம். அப்ப நடந்துடும்."

மறுநாள் கல்லூரி கேன்டீனில் தென்னரசுவிடம் காட்டினாள். தென்னரசு அவள் வகுப்புதான். திண்டிவனத்தில் வக்கீல் வீட்டுப் பையன். நல்லவன், ஆனால் எல்லாம் தெரிந்தவன் போலப் பேசுவான். பாதி சமயம் நிஜமாகவே தெரிந்திருக்கும், அதுதான் எரிச்சல். போனை வாங்கிப் படித்தான். கையில் இருந்த சமோசாவைத் தட்டில் வைத்தான்.

"ஏய் கலை, இன்னா பண்ணி வெச்சிருக்க நீ?"

"ஏன், இங்கிலீஷ் தப்பா?"

"இங்கிலீஷெல்லாம் பிரமாதம். ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒங்களதான் நம்பிக்கினு இருக்கேன், ஒங்கள வுட்டா எனக்கு வேற யாருமில்லன்னு தனித்தனியா எழுதணும். நீ அஞ்சு பேரையும் அஞ்சு பேருக்கும் காட்டிட்டியே! பொண்ணு பாக்க வர்ற அஞ்சு வீட்டுக்காரங்களையும் ஒரே டைம்ல ஒரே பாய்ல உக்கார வெச்சா எப்பிடி இருக்கும்?"

கலைமதி முதலில் சிரித்தாள். பிறகு அந்தப் பாயை நினைத்துப் பார்த்தாள்.

"தெரிஞ்சா இன்னா இப்போ? தெரியணும்னுதானே நகல் போடறது?"

"இது கலெக்டர் ஆபீஸு இல்ல கலை. கம்பெனி."

அவ்வளவுதான். முகம் சிவந்து, காது சூடாகி, கேன்டீனுக்குப் பின்னால் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்சவள்ளி களை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த எடுப்பில் கலைமதி, "எல்லாம் ஒன்னாலதான்! நகலு நகலுன்னு எட்டு வருசமா உசுர வாங்கி, இப்ப என் பொழப்பையே கெடுத்துட்ட. ஒண்ணும் தெரியலன்னா வாய மூடிக்கினு இருக்க வேண்டியதுதானே?" என்று கத்தினாள்.

"சரி, வேல நடக்குது. வெச்சிடறேன்" என்றாள் அம்சவள்ளி.

திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் கலைமதி வீட்டுக்குப் போனாள், யார் யாருக்கோ மனு எழுதினாள், எழுதி முடித்து நிமிர்ந்தாள். அடுப்படியில் இருந்து குரல் வரவில்லை. இரண்டு மாதம் அந்தக் கேள்வியை அம்மா கேட்கவே இல்லை. கலைமதிக்கு அது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் திறக்கிற வாய் இதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

இருக்கட்டும். தென்னரசுவைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கிண்டல் அடித்ததோடு அவன் போய்விடவில்லை. அன்று சாயங்காலமே ஒரு நோட்டைத் திறந்து, எந்த ஃபர்ம் எப்படி ஆள் எடுக்கிறது என்று விசாரித்து எழுதிக் கொடுத்தான். அப்போதுதான் கலைமதிக்குத் தெரிந்தது, ஐந்துக்கும் ஐந்து வாசல், ஒரு வாசல் மாதிரி இன்னொன்று இல்லை என்று. ஐந்தும் போய்விட்டது என்று அழுதுகொண்டு இருக்க அவள் தயாராக இல்லை. மறுநாள் காலையிலேயே ஒவ்வொரு வாசலாக முட்டிப் பார்க்க இறங்கிவிட்டாள்.

நுங்கம்பாக்கத்துக்காரர்கள் மெயிலையே படிப்பதில்லையாம். மாதம் முதல் தேதி காலை பத்து மணிக்கு அவர்கள் வலைத்தளத்தில் ஒரு படிவம் திறக்கும். முதலில் நிரப்புகிற இருநூறு பேர்தான் கணக்கு. பிப்ரவரி முதல் தேதி ஒன்பது ஐம்பதுக்கே கலைமதி போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்குத் திறந்தது. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், எல்லாம் ஜல்தி ஜல்தியாகப் போட்டாள். கல்லூரி என்ற இடத்தில் ஒரு நீளப் பட்டியல், அதிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தள்ளினாள், தள்ளினாள், விரல் வலிக்கத் தள்ளினாள். டெல்லி இருக்கிறது, போபால் இருக்கிறது, விழுப்புரம் இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று கண்ணில் பட்டு அதை அமுக்குவதற்குள் படிவம் மூடிவிட்டது. மணி பத்து ஏழு. "ஏழு நிமிசத்துல இருநூறு பேரா! இவங்கெல்லாம் மனுசங்களா, மெசினா?" என்று விடுதியே கேட்கக் கத்தினாள். கத்தியதும் பாதி கோபம் போய்விட்டது.

ஆழ்வார்பேட்டையில் பரீட்சை. வீட்டிலிருந்தே போனில் எழுதலாம், ஆனால் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு குரல் கேட்கக் கூடாது, வேறு முகம் தெரியக் கூடாது. விடுதி அறையில் ஆறு பேர், அது ஆகாது. வல்லத்து வீட்டில் ஒரு சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "ம்மா, முக்கா மணி நேரம். ஒரு சத்தம் வரக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். அம்சவள்ளி தலையாட்டினாள். இருபத்தெட்டு கேள்வி முடிந்தது, எல்லாமே தெரிந்த கேள்வி! அவளுக்கு உடம்பெல்லாம் துள்ளியது. இருபத்தொன்பதாவது கேள்வியில், கதவு சத்தம் இல்லாமல் திறந்தது. அம்சவள்ளி கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பூனை நடையாக வந்து, மகள் பக்கத்தில் ஒரு சொம்பு கேப்பைக் கூழை வைத்தாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இரண்டாவது முகம் தெரிந்ததால் தேர்வு முடித்து வைக்கப்பட்டது.

"நான் பேசவே இல்லியேம்மா" என்றாள் அம்சவள்ளி. முகம் வெளுத்துப் போயிருந்தது.

கலைமதிக்குத் திட்ட வாய் வரவில்லை. சொம்பை எடுத்துக் கூழைக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "நல்லா இருக்குதும்மா" என்றாள்.

தேனாம்பேட்டையில் படிவமும் இல்லை, பரீட்சையும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். தென்னரசுவின் அப்பாவுக்கு அங்கே ஆள் தெரியும். அந்த இடம் தென்னரசுவுக்கே போய்விட்டது. அவனே வந்து தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். "போடா, போய் நல்லா பண்ணு" என்றாள். மனசார வாழ்த்தினாள் என்று சொன்னால் பொய், முக்கால்வாசி மனசு வாழ்த்தியது. அடையாற்றுக்காரர்கள் பதிலே போடவில்லை. மறுபடி தனியாக எழுதினாள், அதற்கும் பதில் இல்லை. அவர்கள் முறை அதுதானாம். பிடித்தால் மட்டும் பேசுவார்களாம்.

மயிலாப்பூர் ஒன்றுதான் பாக்கி. மொத்தம் ஏழு வக்கீல்கள் இருக்கிற சின்ன ஃபர்ம், நில வழக்குகளில் பெயர் போனது. அவர்கள் எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று தென்னரசுவாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நோட்டில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தான்.

மார்ச் மாதம் முதல் சனிக்கிழமை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் செஞ்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"கலைமதிங்களா? நான் பிரபாவதி. மயிலாப்பூர்ல இருந்து பேசறேன். எங்க ஆபீஸுக்கு நீங்க ஒரு லெட்டர் போட்டிருந்தீங்க. போட்டது நுங்கம்பாக்கத்துக்கு, எங்களுக்கு நகல்."

கலைமதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிரபாவதி என்பது அந்த ஃபர்மை நடத்துகிற பெண் வக்கீலின் பெயர். அவள் அதை நூறு தடவை படித்திருக்கிறாள்.

"ஆமாங்க மேடம்."

"நாலு நகல்ல எங்களது நாலாவது. அதுக்கும் கீழ, தக்க நடவடிக்கைக்காகன்னு வேற. இது எதுக்குன்னு சொல்ல முடியுமா?"

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லலாம். தெரிந்துதானே நடந்தது? தெருவிளக்கு அப்படித்தானே எரிந்தது?

"மேடம், எங்க ஊர்ல நகல் போடாத மனு நகராது மேடம். நான் எட்டு வருசமா மனு எழுதிக்கினு இருக்கேன். ஒரு நூத்தி நாப்பது எழுதியிருப்பேன். நகல் போட்டதுல தொண்ணூறுக்கு மேல வேல நடந்திருக்குது. அந்தப் பழக்கத்துல போட்டுட்டேன். கம்பெனிக்கு அப்பிடிப் போடக் கூடாதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, நல்ல பெரிய சிரிப்பு.

"சரி. உங்க லெட்டர நான் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். சிரிச்சாச்சு. இப்ப வேலை. இங்க முருகையன்னு ஒருத்தர் இருக்கார். உங்க பக்கத்து ஆளுதான், பொம்மையார்பாளையம். அவருக்கு ஒரு நிலப் பிரச்சினை. பத்து நிமிஷம் அவர்கிட்ட பேசுங்க. அப்புறம் ஒரு மணி நேரத்துல, அவர் வழக்கு என்னன்னு ஒரே பக்கத்துல எழுதி அனுப்புங்க. எங்க தேர்வு இவ்வளவுதான். எல்லாருக்கும் இதேதான். இப்ப முடியுமா?"

"முடியும் மேடம்!"

"செஞ்சி, செஞ்சி, செஞ்சி!" என்று கண்டக்டர் காதுக்குள் கூவினார். வல்லம் போகிற பஸ் கண்ணெதிரே புறப்பட்டுப் போனது. கலைமதி புத்தக மூட்டையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக ஒதுங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

முருகையன் குரல் வந்தது. வயதான குரல். கதை ஆற்று வெள்ளம்போலத் தலைகால் இல்லாமல் வந்தது. கடலோரத்தில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் சேர்ந்தாற்போல இடம். அண்ணன் இவர் பங்கையும் வளைத்து வேலி போட்டுவிட்டார். நடுவில் அக்கா மகள் சடங்கு வந்தது, அண்ணி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள், வலை அறுந்தது, மாமன் செத்தான். இப்போது வேலிக்குள்ளே ரூம் கட்டி, கடல் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள்.

கலைமதிக்கு இந்தக் கதை புதுசில்லை. ஊரில் மனு எழுத உட்கார்ந்தால் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். குறுக்கே பேசாமல் கேட்டாள். அவர் மூச்சு வாங்கியதும் கேட்டாள்.

"ஐயா, வேலி எப்ப போட்டாங்க?"

"அதாம்மா ஞாபகம் இல்ல. தேதியெல்லாம் ஆரு எழுதி வெச்சா?"

"பரவாயில்லங்க. வேலி போட்டப்புறம் இன்னா நடந்துச்சு?"

"இன்னா நடந்துச்சு... போட்டு ரெண்டு மாசம்கூட ஆவல. புயலு வந்து சாய்ச்சிட்டுது. திரும்ப நட்டுக்கினாரு."

கலைமதிக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கேதான் இருக்கிறது வழக்கு! பறிபோன நிலத்தைத் திருப்பிக் கேட்க சட்டம் பன்னிரண்டு வருஷம்தான் தருகிறது. 'தானே' புயல் என்றால் பதினாலு வருஷம் ஓடிவிட்டது, கிழவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். பெஞ்சல் புயல் என்றால் நேற்று நடந்த மாதிரி. ஆனால் இந்த மனிதரிடம் புயலின் பெயரைக் கேட்டால் தெரியுமா?

"ஐயா, எந்தப் புயலு? முந்திரி, பலா எல்லாம் வேரோட சாஞ்சு, ஊரே மொட்டையா நின்னுச்சே, அதா? இல்ல, தண்ணி வடியவே வடியாம, விழுப்புரமே முழுவிச்சே, அதா?"

"தண்ணி நின்னுச்சும்மா. பாய் தலவாணி அத்தினியும் நனஞ்சி, தெருவுல காய வெச்சோம். அதேதான்."

"அப்ப ரெண்டு வருசங்கூட ஆவல ஐயா! பயப்படாதீங்க!" என்று கத்தியேவிட்டாள். பூ விற்கிற அம்மா, டிரைவர், கைக்குழந்தைக்காரி என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. "வேலி போட்டப்ப போலீஸ்லயோ தாசில்தாருகிட்டயோ எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"நகல் இருக்குதா?"

"முத்திர வெச்ச பேப்பரு ஒண்ணு பொட்டியில கெடக்கும்."

"அத பத்திரமா வெச்சிக்கோங்க ஐயா. உங்க தேதி அதுல இருக்குது."

போனை வைத்ததும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போனிலேயே அடிக்க ஆரம்பித்தாள். யார், எந்த இடம், யார் பங்கு எவ்வளவு, எந்த மாதத்தில் வேலி, அதை எப்படி நிரூபிப்பது, என்னென்ன காகிதம் வேண்டும், கட்டடம் எழும்புவதற்குள் கோர்ட்டில் என்ன கேட்க வேண்டும். அக்கா மகள் சடங்கும் மாமன் சாவும் வெளியே போய்விட்டன. மூன்று செஞ்சி பஸ் வந்து போனது. நாலாவது வருகிறபோது ஒரு பக்கம் முடிந்திருந்தது. கடைசி வரியை அடித்ததும் விரல் தானாகவே நகல் என்று அடித்துவிட்டது. அழிக்கப் போனாள். அழிக்கவில்லை. அதற்கு நேராக எழுதினாள்: 'யாருக்கும் இல்லை. கட்சிக்காரர் சொன்னது நம்மோடு இருக்க வேண்டும்.' அனுப்பிவிட்டுத்தான் தாகம் எடுப்பதே தெரிந்தது.

இரண்டு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள். முதல் வாரம் எப்படிப் போனது என்று அவளைக் கேட்டால் தெரியாது என்பாள். மணிக்கு நாலு தடவை மெயிலைத் திறந்து பார்த்தாள். வகுப்பில் பார்த்தாள், சாப்பாட்டுத் தட்டின் மேல் பார்த்தாள். "அத நிம்மதியா வுடு, பேஜாரா இருக்குது ஒன்னோட" என்று தென்னரசு போனைப் பிடுங்கி வைத்தான். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. இதுவும் போய்விட்டால் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது?

மார்ச் மூன்றாவது சனிக்கிழமை வல்லத்தில் பஸ் விட்டு இறங்குகிறாள், கையில் போன் அதிர்ந்தது. மயிலாப்பூர். திறந்தாள். முதல் வரியைப் படித்தாள். அப்புறம் படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. வீட்டுக்குப் போகிற திருப்பத்தில் திரும்பாமல், நேராகக் கொல்லிமேட்டுப் பக்கம் ஓட்டம் பிடித்தாள். அங்கேதான் அன்றைக்கு மல்லாட்டை பிடுங்குகிறார்கள். துப்பட்டா ஒரு பக்கம், புத்தக மூட்டை ஒரு பக்கம். ஒரு செருப்பு வாய்க்காலில் போய்விட்டது. போகட்டும்!

பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். நடுவில் அம்சவள்ளி. மகள் ஓடி வருகிற கோலத்தைப் பார்த்துக் கையில் பிடுங்கிய செடியோடு நிமிர்ந்தாள்.

"இன்னாடி ஆச்சு? அப்பாவுக்கு எதனா...?"

"ஒண்ணும் இல்ல. ம்மா, கெடச்சிட்டுதும்மா! மயிலாப்பூர்ல! மே மாசம் வரச் சொல்லிட்டாங்க!"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்சவள்ளி கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மண்ணைப் பூசிக்கொண்டாள்.

"படிம்மா, இன்னா எழுதியிருக்காங்க, படி" என்றாள்.

கலைமதி வரப்பின் மேல் நின்று, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள். பெறுநர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது, ஊர்ப் பெயரோடு. கீழே இப்படி இருந்தது: முருகையன் எங்கள் அலுவலகத்துக் குமாஸ்தா, அவர் சொந்த ஊர் உண்மை, வழக்கு தேர்வுக்காக நாங்கள் கற்பனையாகக் கட்டியது. இந்த வருஷம் முப்பத்தொரு பேர் அவரிடம் பேசினார்கள். முப்பது பேர் தேதி தெரியவில்லை என்று எழுதினார்கள். எந்தப் புயல் என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். மே மாதம் நாலாம் தேதி காலை ஒன்பதரைக்கு வந்து சேரவும்.

கலைமதி அதோடு நிறுத்தினாள். கடிதம் இன்னும் முடியவில்லை. அடியில் என்னவோ இருந்தது, அதை அவள் அதுவரைக்கும் பார்க்கவில்லை. பார்த்தாள். பொங்கிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"ம்மா."

"இன்னாடி?"

"அன்னிக்கு ஒன்ன அப்பிடிக் கத்திட்டேன். மனசுல வெச்சிக்காதம்மா." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதக் கேளு. இவங்களும் நகல் போட்டிருக்காங்கம்மா. நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, அடையாறு. நான் போட்ட அதே வரிசையில. தகவலுக்காகன்னு எழுதியிருக்காங்க!"

அம்சவள்ளி செடியை உதறினாள். மண் கொட்டியது.

"எத்தினி நகலு?" இரண்டு மாதத்துக்கு அப்புறம் அவள் நகலைப் பற்றிக் கேட்கிறாள்.

"நாலும்மா!"

"ம். அப்ப நடந்துடும்" என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி அடுத்த செடிக்குக் குனிந்தாள்.